கலைத்து வைக்கும் சனிக்கிழமைகள்

அந்த வீட்டில் அவள் வேலைக்குச் சேர்ந்து முப்பத்தொன்பது வருஷம் ஆகிறது. முதல் முப்பது வருஷம் அது டாக்டர் வீடு. அடுத்த ஒன்பது வருஷமாக அது அருங்காட்சியகம். தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறை வைத்தியம் பார்த்த வீடு. கடைசி டாக்டரும் போய், அவர் மனைவியும் போன பிறகு, பிள்ளைகள் இரண்டு பேரும் அதை ஊர் அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கட்டில், பீரோ, பியானோ, கோட்டு மாட்டும் கொம்பு வரை பட்டியல் போட்டு ஒப்படைத்தபோது, பட்டியலில் எழுதாமலே அவளும் சேர்ந்து கைமாறினாள்.

அவளை எல்லோரும் அடுக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டரின் மகள் நாலு வயதில் வைத்த பெயர் அது. குழந்தை பொம்மையைக் கீழே போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்புவதற்குள் பொம்மை அலமாரி ஏறியிருக்கும். செருப்பைக் கழற்றினால் ஜோடி சேர்ந்து சுவரோரம் நிற்கும். "இந்த அடுக்கம்மா இருந்தா விளையாடவே முடியாது" என்று குழந்தை அழுதது. பெயர் ஒட்டிக்கொண்டது. சம்பளப் பதிவேட்டில்கூட அதுதான் இருக்கிறது.

அவளுடைய சொந்த வீடு வேறு கதை. அங்கே நாற்காலியில் உட்கார வேண்டுமானால் முதலில் துணிக் குவியலை நகர்த்த வேண்டும். அவள் கணவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். "ஊரான் வீட்டுக் கரண்டிக்கெல்லாம் இடம் தெரியும், நம்ம வீட்டுக் கத்தரிக்கோல் எங்கன்னு கேட்டா மட்டும் முழிப்பா" என்பார். அவளுக்குக் கோபம் வராது. ஒரு மனுஷியின் கைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு ஒழுங்குதான் என்று அளந்து விட்டிருக்கிறது, அது சாயங்காலம் ஐந்து மணிக்குள் தீர்ந்துபோகிறது, அதற்கு அவள் என்ன செய்வாள்?

அந்த வருஷம் இலையுதிர் காலம் தொடங்கும்போது அறக்கட்டளையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. புது மேனேஜர் அதை அவளுக்குப் படித்துக் காட்டினாள். முப்பது வயதுகூட ஆகாத பெண். எதையும் மறைக்கத் தெரியாத முகம். குளிர்காலத்திலிருந்து துப்புரவு வேலையை ஒரு கம்பெனியிடம் விட்டுவிடலாமா என்று கமிட்டி யோசிக்கிறது. வீட்டுக்குக் கூட்டம் வருவதில்லை. இலையுதிர் கால நிகழ்ச்சிகள் எப்படிப் போகின்றன என்று பார்த்துவிட்டு முடிவு.

"அப்ப நான்?" என்றாள் அடுக்கம்மா.

"அதையும் அப்பதான் முடிவு பண்ணுவாங்க. நாலு சனிக்கிழமை இருக்கு. பாப்போம்."

அடுக்கம்மாவுக்கு வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை. கணவரின் ஓய்வூதியம் வருகிறது. ஆனால் பத்தொன்பது வயதில் ஏறிய மாடிப்படி அது. எந்தப் படி முனகும், எந்தப் படி முனகாது என்று காலுக்குத் தெரியும். காலையில் எழுந்து அங்கே போகாவிட்டால் அந்தக் காலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

மேனேஜர் நிகழ்ச்சிக்கு 'இப்போதுதான் எழுந்து போனார்கள்' என்று பெயர் வைத்தாள். விளக்குக் கம்பத்துக்கு விளக்குக் கம்பம் சுவரொட்டி. யோசனை நல்ல யோசனைதான். வழக்கமாக அறைகள் எல்லாம் கடையில் அடுக்கி வைத்த மாதிரி இருக்கும். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று சனங்கள் கொட்டாவி விடுவார்கள். அதற்குப் பதிலாக, குடும்பம் இப்போதுதான் அறையை விட்டு எழுந்து போனது போல எல்லாம் கலைந்து கிடக்க வேண்டும். பாதி குடித்த தேநீர், கசங்கிய செய்தித்தாள், நாற்காலி முதுகில் ஒரு சால்வை. பன்னிரண்டு பன்னிரண்டு பேராக உள்ளே விட்டு, மேனேஜரே கூட நடந்து கதை சொல்வாள்.

வெள்ளிக்கிழமை மாலை முழுக்க மேனேஜர் தனியாக உட்கார்ந்து கீழ்த்தளத்தைக் கலைத்தாள். அடுக்கம்மா அன்று விடுப்பு. கணவருக்குக் கண் பரிசோதனை. யாரும் அவளிடம் எதையும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வந்தவள் கூடத்தைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தாள். யாரோ இரவு உள்ளே புகுந்து கூத்தடித்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். செய்தித்தாளை நீவி மடித்தாள். சால்வையை உதறி பீரோவில் வைத்தாள். தரையில் கிடந்த சதுரங்கக் காய்களைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டாள். ரொட்டித் துணுக்குகளைப் பெருக்கினாள். தேநீர்க் கோப்பை மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தது. உள்ளே தேநீர் கல்லாய் உறைந்து கிடந்தது. கொதிநீர் ஊற்றி, கத்தி முனையால் சுரண்டி, அரை மணி நேரம் போராடி, கோப்பையைப் பளபளவென்று துடைத்து அலமாரியில் கவிழ்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

அது பிசின் ஊற்றிச் செய்த தேநீர். மேனேஜர் அதை முன்கூட்டியே ஊற்றி இரண்டு நாள் காய வைத்திருந்தாள்.

பத்து மணிக்கு முதல் கூட்டத்தோடு உள்ளே வந்த மேனேஜர், "பாருங்க, அவங்க இப்பதான் எழுந்து போயிருக்காங்க" என்று கையை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது. கூடம் கண்ணாடி மாதிரி இருந்தது.

"ரொம்ப நாள் முன்னாடியே போயிட்டாங்க போல" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

டிக்கெட் கொடுப்பவர் இருக்கிறாரே, அவருக்கு அன்று மட்டுமல்ல, அந்த வாரம் முழுக்கப் பொழுது போயிற்று. "அக்கா, மேடம் கைப்பையை மேசையில வச்சிட்டு வெளிய போயிருக்காங்க, கொஞ்சம் அடுக்கிடுங்களேன்." "அக்கா, மரமெல்லாம் இலையைக் கொட்டுது பாருங்க, திரும்ப ஒட்டிடலாமா?"

"உன் வாயை ஒரு நாள் மடிச்சு உள்ள வைக்கிறேன் இரு" என்றாள் அவள். ஆனால் சிரிக்கவில்லை.

மேனேஜர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அடுத்த வாரம் நீங்க வாசல்ல இருங்க அடுக்கம்மா. வர்றவங்களுக்குச் செருப்புக்கு மேல போடுற உறை கொடுங்க, போதும்" என்று மெதுவாகச் சொன்னாள்.

வீட்டுக்குப் போய் கணவரிடம் சொன்னாள். அவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் புரை ஏறி இருமினார். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடு. முப்பது வருஷம் இதுக்குத்தானே உனக்குச் சம்பளம் கொடுத்தாங்க. திடீர்னு ஒரு நாள் எடுக்காதேன்னா கை கேக்குமா?" என்றார்.

"மூணு வாரம்தான் இருக்கு. என்னைக் கம்பெனிக்காரன் மொத்தமா எடுத்து வச்சிடுவான்" என்றாள் அவள்.

இரண்டாவது சனிக்கிழமை அவள் வாசலில் உறை கொடுத்துக்கொண்டிருந்தாள். மரங்கள் இரண்டு நாளில் பாதி காலியாகியிருந்தன. ஈரச் செருப்பில் ஒட்டி இலைகள் படியேறி வந்தன. பொறுக்காமல் இருக்க இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். பார்த்துவிட்டு வெளியே வந்த ஒரு அம்மாள் தன் கணவரிடம், "நாடகத்துக்கு செட் போட்ட மாதிரி இருக்குங்க. நெசமா இருந்த வீடு மாதிரி இல்ல" என்று சொன்னது காதில் விழுந்தது. மேனேஜர் காதிலும் விழுந்தது.

சனங்கள் போன பிறகு மேனேஜர் கூடத்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள். "எங்க தப்பு பண்றேன்னே தெரியல" என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்.

அடுக்கம்மா மிச்சமிருந்த உறைகளைக் கூடையில் போட்டாள். பிறகு வாய் தானாகத் திறந்தது.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. ஐயா பேப்பரைக் கசக்க மாட்டாரு. நாலா மடிச்சு, நாற்காலிக் கால் ஆடுதுன்னு அதுக்கடியில சொருகிடுவாரு. அன்னிக்குப் பேப்பரையே சொருகிட்டு அப்புறம் பேப்பர் எங்கன்னு கேப்பாரு. அம்மா சால்வையை நாற்காலியில போட மாட்டாங்க, பியானோ மேலதான். அதோட அவங்க தேநீர் பாதியெல்லாம் குடிச்சு வைக்க மாட்டாங்க. அடி வரைக்கும் குடிச்சிட்டு, கோப்பையை எங்கயாவது மறந்திடுவாங்க. மாடிப்படி ஏழாவது படியில, ஜன்னல் விளிம்புல, ஒரு தடவை துணிக்கூடைக்குள்ள. கலைஞ்சு கிடக்கிறதுலயும் ஒரு முறை இருக்கு மேடம். ஆளுக்கு ஒரு முறை."

மேனேஜர் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "இதெல்லாம் எப்படி ஞாபகம் இருக்கு?"

"முப்பது வருஷம் குனிஞ்சு பொறுக்கியிருக்கேனே."

மூன்றாவது வாரம் கூடத்தையும் பிள்ளைகள் அறையையும் அவளிடம் விட்டார்கள். வேலை தொடங்கியபோது கை வரவே இல்லை. ஒரு சாக்ஸைத் தரையில் போட்டாள், குனிந்து எடுத்துவிட்டாள். மறுபடி போட்டாள். மறுபடி எடுத்தாள். டிக்கெட்காரர் வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். "அஞ்சு. அக்கா, அஞ்சு தடவை ஆச்சு. சாக்ஸுக்கே தலை சுத்தும்." அவரை விரட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு காலையை நினைத்தாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பிப் போன ஒரு காலை. வாசல் கதவு அறைந்து சாத்தும் சத்தம், அதற்குப் பின்னால் வரும் அமைதி, அந்த அமைதியில் அவள் துடைக்கும் துணியோடு நுழையும் அறை. அப்புறம் கை ஓடியது.

டாக்டரின் மகள், பெரிய பாப்பா, பென்சில் சீவிய தூளை ஜன்னல் பள்ளத்தில் ஒளித்து வைப்பாள்; அடுக்கம்மாவும் வைத்தாள். சின்னவன் பாலைக் குடிக்காமல் திரைக்குப் பின்னால் டம்ளரோடு வைத்துவிடுவான், வைத்தாள். கம்பளத்தின் ஒரு மூலை மட்டும் தடித்து நிற்கும், ஏனென்றால் இந்தப் பருவத்தில் பெரிய பாப்பா சிவப்பு இலைகளை அதற்கடியில் போட்டு அழுத்துவாள். இலைக்கு அடுக்கம்மா தோட்டத்துக்கே போனாள். இத்தனை வருஷம் அள்ளி வெளியே கொட்டியதைப் பொறுக்கி உள்ளே கொண்டுவருகிறோமே என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. கம்பளத்தைத் தூக்கி அடியில் பரப்பும்போது சிரிப்பு நின்றுவிட்டது. சின்ன விரல் ஒன்று கூடவே இலையை நீவுவது போல இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே மண்டி போட்டு இருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை சனங்கள் அறையை விட்டு நகரவில்லை. ஒரு பெரியவர் திரைக்குப் பின்னால் டம்ளரைக் கண்டுபிடித்துவிட்டுக் குழந்தை மாதிரி கத்தினார். அடுத்த வாரத்துக்கான டிக்கெட் மூன்று நாளில் தீர்ந்துபோனது.

கடைசி வாரம் முழு வீடும் அவள் பொறுப்பு. கமிட்டிக்காரர்களும் வருகிறார்கள். வெள்ளிக்கிழமை மேனேஜர் அவளோடு அறை அறையாக நடந்தாள். படபடப்பில் அவள் பேச்சு வேகமாக இருந்தது.

"அடுக்கம்மா, வெளிப்படையா சொல்றேன். கூட்டம் வந்தது அவங்களுக்குப் போதாது. புத்தகத்துல இல்லாத, யாருக்கும் தெரியாத ஒண்ணு, ஒரே ஒண்ணு வேணும். அது உங்களால மட்டும்தான் முடியும்னு அவங்க பாக்கணும். அப்ப உங்களை வேலைய விட்டு எடுக்க அவங்களுக்கு மனசு வராது."

அப்போது அவர்கள் கீழ்த்தளத்தில் டாக்டர் நோயாளிகளைப் பார்க்கும் அறைக்கு முன்னால் நின்றார்கள். உள்ளே சுவரோரம் நோயாளிகள் படுக்கும் குறுகிய கட்டில். "இங்க காலையில என்ன கிடக்கும்?" என்று கேட்டாள் மேனேஜர்.

"இங்க ஒண்ணும் கிடக்காது மேடம்" என்றாள் அடுக்கம்மா.

அது பொய். அங்கே ஒரு தலையணையும் சாம்பல் நிறப் போர்வையும் கிடக்கும்.

பெரிய பாப்பாவுக்கு ஒன்பது வயது இருக்கும்போது டாக்டருக்கும் அவர் மனைவிக்கும் நடுவில் ஏதோ உடைந்தது. என்னவென்று அடுக்கம்மாவுக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. சண்டை சத்தம் ஒரு நாளும் வந்ததில்லை. ஆனால் அன்றிலிருந்து டாக்டர் சாகும் வரை, பதினொரு வருஷம், அந்தக் குறுகிய கட்டிலில்தான் படுத்தார். விடியற்காலையில் அவர் எழுந்து குளிக்கப் போனதும், அடுக்கம்மா தலையணையையும் போர்வையையும் சுருட்டிக்கொண்டு பின்படி வழியாக மாடியேறுவாள். பெரிய படுக்கையில் ஐயா பக்கத்து விரிப்பு மடிப்புக் கலையாமல் இருக்கும். பிள்ளைகள் எழுந்ததும் நேரே அந்தப் படுக்கையில்தான் வந்து விழும். அதற்குள் அவள் விரிப்பைக் கசக்கி, போர்வையைக் கால்மாட்டில் தள்ளிவிடுவாள். யாரும் சொல்லி அவள் அதைச் செய்யவில்லை. ஒரு நாள் டாக்டரின் மனைவி கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டே இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே, "தலையணையில ஒரு பள்ளம் வேணும்" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு அடுக்கம்மா தினமும் முழங்கையால் ஒரு பள்ளம் வைத்தாள்.

வேறு எல்லாவற்றையும் அவள் எடுத்துத்தான் வைத்தாள். இது ஒன்றைத்தான் கலைத்து வைத்தாள்.

சனிக்கிழமை காலை அவள் படுக்கையறைக்குப் போனபோது கை கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. அம்மா பக்கம் ஒரு கசங்கல், ஐயா பக்கம் ஒரு கசங்கல், முழங்கையால் ஒரு பள்ளம். கீழே டாக்டரின் கட்டிலில் ஒன்றும் வைக்கவில்லை. போர்வை மாடியில்தான் இருந்தது. எடுத்துக்கொண்டு இறங்க ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. அந்த ஒரு நிமிஷத்தில் தன் வேலை இருக்கிறது என்று தெரிந்துகொண்டேதான் அவள் சும்மா நின்றாள்.

மூன்றாவது கூட்டத்தில் நாற்பது வயது தாண்டிய ஒரு பெண் வந்தாள். எல்லோரும் அடுத்த அறைக்கு நகர்ந்த பிறகும் படுக்கையறைக் கயிற்றுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அடுக்கம்மா கிட்டே போனாள். முகம் தெரிவதற்கு முன்பே நிற்கிற நிற்பு தெரிந்துவிட்டது.

"பாப்பா!"

"சொல்லாம வந்தேன். டிக்கெட் வாங்கித்தான் வந்தேன்" என்று டாக்டரின் மகள் சிரித்தாள். கண் சிரிக்கவில்லை. "என் பென்சில் தூளைக்கூட விட்டு வைக்கலையா நீ?"

"அன்னிக்குத் திட்டிக்கிட்டே பெருக்கினேன். இன்னிக்கு நானே உக்காந்து சீவினேன்."

மகள் படுக்கையைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, "அப்பா பக்கத்தை இப்பவும் நீதான் கலைக்கிறியா?" என்றாள்.

அடுக்கம்மா இன்னும் கிட்டே நெருங்கினாள். "உனக்குத் தெரியுமா?"

"ஒரு நாள் தண்ணி குடிக்க எழுந்தேன். பின்படியில நீ தலையணையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு மேல ஏறிட்டிருந்தே. பின்னாடியே வந்து கதவிடுக்குல பாத்தேன். முழங்கையால குத்தினே. அப்புறம் போய்ப் படுத்துக்கிட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு ஒண்ணும் தெரியாத மாதிரி ஓடி வந்து அந்தப் பள்ளத்துல தலை வச்சுப் படுத்தேன். தினமும் அதுலதான் படுப்பேன், உனக்கு ஞாபகம் இருக்கா?"

"தம்பியைத் தள்ளிட்டுப் படுப்பே."

"அவனுக்குத் தெரியக் கூடாதுன்னுதான். பள்ளம் சில்லுன்னு இருக்கும் அடுக்கம்மா. ஆள் படுத்த சூடு இருக்காது." அவள் கயிற்றைத் தொட்டாள். "அவனுக்கு இன்னும் தெரியாது. அவன் கல்யாணத்துல எழுந்து நின்னு, எங்க அப்பா அம்மா மாதிரி வாழணும்னு பேசினான். நான் கை தட்டினேன்."

கீழேயிருந்து அடுத்த கூட்டம் ஏறி வரும் சத்தம் கேட்டது. போகும்போது மகள் அவள் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள்.

ஐந்து மணிக்குக் கமிட்டிக்காரர்கள் மூன்று பேரும் தோட்டத்தில் தேநீர் குடித்துக்கொண்டு நின்றார்கள். நன்றாக இருந்தது என்றார்கள். ரொம்ப நன்றாக இருந்தது என்றும் சொன்னார்கள். மேனேஜர் உள்ளே ஓடி வந்தாள்.

"அடுக்கம்மா, அந்தம்மா யாருன்னு இப்பதான் சொன்னாங்க. டாக்டர் மகளாமே! ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசினீங்களே. ஏதோ இருக்கு, இல்ல? இப்பவே சொல்லுங்க, நான் போய்ப் பேசுறேன்."

அடுக்கம்மா அவளைப் பார்த்தாள். நல்ல பெண், தனக்காகத்தான் ஓடி வந்திருக்கிறாள்.

"இருக்கு மேடம். ஆனா அது காட்டுறதுக்கு இல்ல."

"உங்க வேலை அடுக்கம்மா..."

"தெரியும் மேடம். அவங்க வீட்டுல எதை எடுத்து உள்ள வைக்கணும்னு பாக்குறதுதானே என் வேலை."

மேனேஜர் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. அப்படியே திரும்பித் தோட்டத்துக்குப் போனாள்.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. குளிர்காலத்திலிருந்து துப்புரவு வேலை கம்பெனிக்கு. இலையுதிர் கால நிகழ்ச்சி வெற்றி என்பதால் ஒவ்வொரு வருஷமும் நடக்கும். அந்த நாலு வாரம் மட்டும் அறைகளைத் தயார் செய்ய அடுக்கம்மாவைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். படித்து முடித்துவிட்டு மேனேஜர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிக்கெட்காரர் அன்று ஒரு கிண்டலும் செய்யாமல் தலையைக் குனிந்து டிக்கெட் கட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கம்பெனி ஆளுங்க படுக்கை விரிப்பாங்களா மேடம்?" என்று கேட்டாள் அடுக்கம்மா.

"இல்ல. தரை, கண்ணாடி, தூசி. பொருளைத் தொடக் கூடாதுன்னு எழுதியிருக்கு."

"அப்ப படுக்கை?"

"அது நீங்க வந்தாத்தான்."

"வருஷத்துக்கு நாலு நாள்."

"வெள்ளிக்கிழமையையும் சேர்த்தா எட்டு" என்றாள் மேனேஜர். சொல்லிவிட்டுப் பேனாவை நீட்டினாள்.

அடுக்கம்மா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். கம்பெனி ஆட்கள் வர இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தன. துடைக்கும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, மாடி ஜன்னல்களிலிருந்து தொடங்கலாம் என்று படியேறினாள்.